நான்காவது குறிப்புக்கு நீ எழுதிய மறுமொழி

இன்று காலை ஆய்வுகூடத்துக்கு வந்தபோது கதவோரம் ஓர் ஈரச் சாக்கு கிடந்தது. புதிதாகச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி கரையில் அள்ளிக்கொண்டு வந்த சாதாழை. காற்றுக்குக் கரையொதுங்கும் அந்தக் கடற்புல் நிழலில் இருக்கும் வரை சும்மா கிடக்கும். வெயில் பட்டதும் உப்பும் அழுகலும் கலந்து மணக்கத் தொடங்கிவிடும். பத்து மணிக்குள் மாடி முழுவதும் அந்த மணந்தான். எதிர் அறையில் இருப்பவர் யன்னலைச் சாத்திவிட்டு வந்து, "உதை ஆர் இஞ்சை கொண்டந்து போட்டது?" என்று கேட்டார். "கிடக்கட்டும் சேர், பின்னேரம் எடுப்பிக்கிறன்" என்றேன். அவர் போன பிறகும் நான் அந்தச் சாக்கின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

உனக்கு எழுதவேண்டிய கடிதம் ஒன்று ஏழு வருடமாக எழுதப்படாமல் இருக்கிறது. இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நீயும் நானும் ஒரே கிழமையில்தான் கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்குப் பதிந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே பேராசிரியர். ஒரு நீள மேசையின் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. நீ பருத்தித்துறைக் கரையில் பிறந்தவள். அப்பாவும் அண்ணையும் கடலுக்குப் போகிறவர்கள். நான் உரும்பிராயில் தோட்டப் பயிர் செய்யும் வீட்டுப் பிள்ளை. சாதாழையை உரமாகப் போட்டால் வெங்காயம் எப்படி விளையும் என்பது உன் ஆராய்ச்சி. வெங்காயத்தில் விழுகிற இலை நோய் என்னுடையது.

ஆராய்ச்சி செய்ய எங்களுக்குத் தெரிந்திருந்தது. எழுதத்தான் தெரியவில்லை. முதல் வரைவுகளை ஒன்றாகத்தான் பேராசிரியரிடம் கொடுத்தோம், ஒன்றாகத்தான் திரும்பி வந்தன. என்னுடையதில் வெள்ளையை விடச் சிவப்புக் கூடுதலாக இருந்தது. உன்னுடையதில் ஒரேயொரு வரி: "இது கதை. கட்டுரை எங்கே?" வாடைக்காற்று விழுந்த மூன்றாம் நாள் கரை எப்படி இருக்கும் என்பதிலிருந்து நீ உன் ஆய்வு முறையைத் தொடங்கியிருந்தாய். நான் கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். நீ அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துச் சிரித்துக்கொண்டிருந்தாய்.

"வா, இனி ஒராளை ஒராள் கேப்பம்" என்று நீதான் சொன்னாய். அதுதான் நாங்கள் எழுதப் பழகிய விதம். நான் ஒரு வசனத்தை உரக்க வாசிப்பேன். நீ, "எப்பிடித் தெரியும்?" என்று கேட்பாய். பதில் இருந்தால் வசனம் இருக்கும், இல்லாவிட்டால் வெட்டு.

இந்த நோய் விவசாயிகளுக்குப் பெரும் இழப்பை ஏற்படுத்துகிறது என்று ஒருநாள் வாசித்தேன்.

"எப்பிடித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்தானே."

"எல்லாருக்கும் தெரியும் எண்டால் நீ ஏன் எழுதுறாய்? நீ பார்த்ததை எழுது."

ஆறு மாதத்தில் எங்கள் வசனங்கள் மெலிந்து நேராயின. நான் உன்னை விட வேகமாகப் பிடித்துக்கொண்டேன். அளக்கப்பட்டது, நிறுக்கப்பட்டது, அவதானிக்கப்பட்டது என்று எழுதுவது எனக்குக் கைவந்துவிட்டது. உனக்கு அது கடைசி வரை ஒட்டவில்லை. "உன்ரை கட்டுரையிலை ஆள் ஒருத்தரையும் காணேல்லையடி. வெங்காயம் தானே கிளம்பிப் போய்த் தராசிலை ஏறி இருந்தமாதிரிக் கிடக்கு" என்பாய். இப்போது என் மாணவர்களிடம் இதைச் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். யார் சொன்னது என்று சொல்வதில்லை.

உன் பரிசோதனைக்கு நிலம் தந்தவர் என் அப்பா. எங்கள் கிணற்றடித் தோட்டத்தில் பன்னிரண்டு பாத்தி. பாதிக்குச் சாதாழை போடுவது, மற்றப் பாதியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒன்றும் போடாமல் விடுவது. அப்பாவுக்கு விளங்குவதற்காக நீ ஒரு சீமெந்துப் பையின் பின்புறத்தில் படம் கீறி, எந்தப் பாத்திக்கு எது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாய். நான் பக்கத்தில் நின்றேன். அப்பா தலையை ஆட்டிக் கேட்டார். முதல் போகம் நீ நினைத்ததை விட நன்றாக வந்தது. இரண்டாவது போகமும் அப்படியே வந்தால் கட்டுரை கையில் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

இரண்டாவது போகத்தில் ஒரு சனிக்கிழமை நீ ஸ்கூட்டியில் வந்து இறங்கினாய். பன்னிரண்டு பாத்தியும் ஒரே பச்சையாக நின்றன. நீ வரம்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாய். அப்பா மண்வெட்டியோடு சந்தோசமாக வந்தார்.

"எல்லாம் ஒரேமாதிரி வந்திருக்குது பாத்தியோ பிள்ளை? வெறும் பாத்தியளைப் பாக்கப் பாவமாக் கிடந்தது. ஒண்டுக்குச் சாப்பாடு போட்டு ஒண்டைப் பாத்துக்கொண்டு இருக்கச் சொன்னமாதிரி. நீ கொண்டந்த சாதாழை மிச்சம் கிடந்தது. அதுகளுக்கும் போட்டனான்."

எனக்கு முகம் எரிந்தது. நீ குனிந்து ஒரு வெங்காயத் தாளைத் தொட்டுப் பார்த்தாய். "ஓம் ஐயா, நல்லா வந்திருக்கு" என்றாய். வீட்டுக்கு வந்து அம்மா தந்த தேத்தண்ணியைக் குடித்தாய். வாசல் படலை வரை உன்னோடு வந்தேன்.

"அந்தாளுக்குச் சொல்லிப்போடாதை. மனம் வருந்தும்."

"ஒரு போகம் போச்சேயடி."

"போனால் போகட்டும். முதல் போகத்தை வைச்சு எழுதுவம். பிறகு பாப்பம்."

அதற்குப் பிறகு நான் ஆறு மாதம் மலைநாட்டில் ஓர் ஆய்வு நிலையத்தில் இருந்தேன். என் கட்டுரையை இரண்டு ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பியது அந்த ஆறு மாதத்தில்தான். முகம் தெரியாத ஆட்கள் எழுதிய கடுமையான வரிகளைக் குளிர் அறையில் தனியே இருந்து வாசித்தேன். அவற்றில் சில இன்றும் எனக்குப் பாடம். அதே மாதங்களில்தான் எங்கள் துறையில் ஒரு விரிவுரையாளர் இடம் வரப்போகிறது என்றும் தெரிய வந்தது. இடம் ஒன்று. விண்ணப்பிக்கக் கூடியவர்கள் நீயும் நானும். ஓர் ஆய்விதழ் ஏற்ற கட்டுரை இருந்தால் அதற்குப் புள்ளி உண்டு.

அப்படியான ஒரு நாளில்தான் எனக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. ஓர் ஆய்விதழின் ஆசிரியர், யாழ்ப்பாணத்து வெங்காயம் பற்றிய கட்டுரை ஒன்றை மதிப்பாய்வு செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார். ஆய்விதழ்கள் ஒரு கட்டுரையை வெளியிட முதல், அந்தத் துறையில் உள்ள இரண்டு பேரிடம் வாசிக்கக் கொடுக்கும். வாசிப்பவர் யாரென்று எழுதியவருக்குத் தெரியாது. எழுதியவர் யாரென்று வாசிப்பவருக்குத் தெரியும். அந்த இதழின் பதிவில் என் முகவரி மலைநாட்டு நிலையமாக இருந்தது. அதனால் நாங்கள் ஒரே மேசைக்காரர் என்று ஆசிரியருக்குத் தெரியவில்லை.

கட்டுரையின் தலைப்பின் கீழே உன் பெயர் இருந்தது.

எழுதியவரை உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு கேள்வி. ஓம், இல்லை என்று இரண்டு கட்டம். நான் 'இல்லை' என்பதை அழுத்தினேன். கை தவறி அல்ல. கொஞ்ச நேரம் யோசித்துத்தான் அழுத்தினேன். கடைசிப் பக்கத்தில், நிலம் தந்த உரும்பிராய் விவசாயிக்கும் அவர் குடும்பத்தவர்க்கும் நீ நன்றி சொல்லியிருந்தாய். அதையும் வாசித்துவிட்டுத்தான் மேலே போனேன்.

பதினொரு குறிப்புகள் எழுதினேன். அவற்றில் பொய் ஒன்றும் இல்லை. நீயும் நானும் மேசையில் இருந்து கேட்ட கேள்விகள்தான் எல்லாம். ஆனால் அங்கே உன்னைச் சிரிக்க வைத்துக் கேட்பேன். இங்கே எனக்கு எழுதப்பட்ட அதே குரலில், அதே கடுமையில் எழுதினேன். அப்படி எழுதும்போது எனக்கு நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நான்காவது குறிப்பு இது: பரிசோதனை ஒரு போகம் மட்டுமே நடத்தப்பட்டுள்ளது, இரண்டாவது போகம் ஏன் இல்லை என்பதற்கு எந்த விளக்கமும் இல்லை, இந்நிலையில் இக்கட்டுரையை ஏற்க முடியாது. ஏன் இல்லை என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். நீ, நான், பேராசிரியர். காரணமானவருக்கே தெரியாது.

கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டது. நான் ஊருக்கு வந்த கிழமையே நீ தொலைபேசி எடுத்து, "மருதனார்மடத்துக்கு வா, சந்தைக்கு வந்தனான், உன்னைப் பாக்கவேணும்" என்றாய். சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தோம். மரக்கறிப் பையைக் காலடியில் வைத்துவிட்டு, அச்செடுத்து மடித்து வைத்திருந்த தாள்களை எடுத்து விரித்தாய்.

"ரெண்டு பேர் வாசிச்சிருக்கினம். முதலாவது ஆள் நாலு வரி எழுதியிருக்கிறார், நல்லது எண்டு. மற்ற ஆள்தான் போட்டு உடைச்சிருக்கிறார்."

நான் தாளைப் பார்த்தேன். என் வசனங்கள்.

"கோவமா இருக்கே?" என்று கேட்டேன்.

"முதல் நாள் இருந்தது. பிறகு பாத்தால், உந்த ஆள் ஒவ்வொரு வரியையும் வாசிச்சிருக்கிறார். இப்பிடி ஒருத்தர் என்ரை எழுத்தை வாசிச்சதில்லை, உன்னைத் தவிர. வா, ரெண்டு பேருமா மறுமொழி எழுதுவம்."

அந்தக் கடையில் இருந்து என்னுடைய குறிப்புகளுக்கே என்ன மறுமொழி எழுதலாம் என்று நான் உனக்குச் சொல்லித் தந்தேன். நான்காவதுக்கு வந்ததும் நீ பேனையை மூடினாய்.

"இதுக்கு என்ன எழுத?"

"நடந்ததை எழுது" என்றேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"உங்கடை அப்பாவை எப்பிடியடி நான் காட்டிக் குடுக்கிறது? எனக்கு நிலம் தந்த மனிசன். நாளைக்கு உது அச்சிலை வந்து ஆரும் அவருக்குச் சொன்னால், தன்னாலைதான் கெட்டது எண்டு நினைக்க மாட்டாரே? இன்னொரு போகம் போட்டிட்டு எழுதுறன்."

அப்போது சொல்லியிருக்கலாம். கடையில் ஆட்கள் இருந்தார்கள் என்பது ஒரு சாட்டு. தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. நீ என்னுடையதையும் சேர்த்துக் குடித்துவிட்டு எழும்பினாய்.

நேர்முகத் தேர்வு அடுத்த மாதம் நடந்தது. அதற்கிடையில் என் கட்டுரையை மூன்றாவது இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டிருந்தது. உன்னிடம் கட்டுரை இல்லை. இடம் எனக்குக் கிடைத்தது. செய்தி வந்த அன்று நீதான் முதலில் வந்து கையைப் பிடித்தாய். "நல்லதுக்குத்தான். நீ உள்ளுக்கு இருந்தால் எனக்கும் ஒரு ஆள்" என்றாய். பிறகு நெல்லியடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியையாகப் போனாய். பட்டத்தையும் விடவில்லை, கட்டுரையையும் விடவில்லை. என் அப்பாவிடம் மறுபடி நிலம் கேட்டால் முந்தியது என்னவாயிற்று என்று அவர் கேட்பார் என்பதற்காக, உங்கள் வீட்டின் பின்பக்கத்திலேயே பாத்தி கட்டினாய். அது மணல். எங்கள் செம்பாட்டு மண்ணைப் போலத் தண்ணீரைப் பிடித்து வைக்காது. விடிய இறைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய், வந்து மறுபடி இறைப்பாய். பாதி காய்ந்தது. மிச்சத்தை நிறுத்து எழுதி வைத்தாய், கட்டுரைக்கு அது போதாது என்று தெரிந்தும்.

அந்த மாரியில் உனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வழியில் பஸ்ஸுக்குள் இருந்தபடி, இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். எந்த வசனத்தில் தொடங்குவது என்று கூட யோசித்து வைத்திருந்தேன். நீ கட்டிலில் எழும்பி இருந்தாய். கையில் ஊசி, உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் கதைக்கத் தொடங்கிவிட்டாய்.

"அந்த ரெண்டாவது ஆளுக்கு மறுமொழி எழுதி முடிச்சிட்டன். பதினொண்டுக்கும். கொம்பியூட்டரிலை கிடக்கு. நான் வீட்டை போனதும் அனுப்புறன், ஒருக்கா வாசிச்சுப் பார்."

"நாலாவதுக்கும் எழுதினியோ?"

"ஓம். ஒரு வழி கண்டுபிடிச்சிட்டன்."

வீட்டுக்குப் போகட்டும், அங்கே வைத்துச் சொல்வோம் என்று நினைத்தேன். நோயாளியிடம் இதைச் சொல்லக்கூடாது என்பது அப்போது எனக்கு நியாயமாகவே பட்டது. இரண்டாம் நாள் காலையில் உன் அண்ணை தொலைபேசி எடுத்தார். "விடியப்புறம் தங்கச்சி எங்களை விட்டிட்டுப் போயிட்டாள்" என்றார்.

அந்தியேட்டிக் கிரியை முடிந்த பிறகு அவர் உன் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "தங்கச்சியின்ரை ஆராய்ச்சி எல்லாம் இதுக்குள்ளைதான் கிடக்கு. எங்களுக்கு உது விளங்காது. நீங்கள் பாருங்கோ" என்றார்.

அவர் போனதும் திறந்து வாசித்தேன். மதிப்பாய்வாளருக்கு என்று தலைப்பிட்டு எழுதியிருந்தாய். உன் எழுத்தில் அவ்வளவு நேரான எழுத்தை நான் முன்பு பார்த்ததில்லை. நான்காவது குறிப்புக்கு இப்படி எழுதியிருந்தாய்: "இரண்டாவது போகத்தில் பாத்திகளின் ஒப்பீடு குலைந்தது என் கவனக்குறைவால். ஒப்பீட்டுப் பாத்திகள் ஏன் தேவை என்பதை நிலத்தைப் பராமரித்தவருக்கு நான் போதிய அளவு விளக்கவில்லை. தவறு என்னுடையது." கடைசியில், தங்களை யாரென்று எனக்குத் தெரியாது, இவ்வளவு நேரம் எடுத்து என் கட்டுரையை வாசித்ததற்கு நன்றி, என்று முடித்திருந்தாய்.

நீ விளக்கினாய். சீமெந்துப் பையில் கீறி விளக்கினாய், நான் பார்த்தேன். உன் எழுத்தில் உண்மை இல்லாத வசனம் அது ஒன்றுதான். அதையும் என் வீட்டுக்காக எழுதினாய், எனக்கே எழுதினாய்.

மூன்று வருடம் நான் ஒன்றும் செய்யவில்லை. பாடம் எடுத்தேன், கட்டுரைகள் எழுதினேன், கலியாணம் செய்தேன். பிறகு ஒருநாள் அந்த ஆய்விதழின் ஆசிரியருக்கு நடந்ததை எழுதினேன். பதில் சிறியது. என் பெயரை மதிப்பாய்வாளர் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டதாகவும், குடும்பத்தார் சம்மதித்தால் கட்டுரையை மறுபடி அனுப்பலாம், வேறு ஆட்கள் வாசிப்பார்கள் என்றும் எழுதியிருந்தார். பேராசிரியரிடமும் போய்ச் சொன்னேன். அவர் அப்போது ஓய்வு பெற்றிருந்தார். "கட்டுரையை அனுப்பும்" என்று மட்டும் சொன்னார். இந்த வேலையை விடு என்று யாரும் சொல்லவில்லை. நானும் விடவில்லை. நேர்முகத் தேர்வில் கிடைத்த அதே இடத்தில்தான் இன்றும் இருக்கிறேன்.

அதற்குப் பிறகும் அனுப்ப முடியவில்லை. நான்காவது மறுமொழிதான் காரணம். அதை அப்படியே விட்டால், செய்யாத பிழை ஒன்று உன் பெயரில் நிற்கும். மாற்றினால், நீ கடைசியாகச் செய்த காரியத்தை நான் குலைத்ததாகும். கோப்பைத் திறப்பேன், மூடுவேன். இப்படியே வருடங்கள் போயின.

அப்பா ஒவ்வொரு வருடமும் வெங்காயம் நடும் காலத்தில் கேட்பார், "அந்தப் பிள்ளையின்ரை கட்டுரை வந்ததோ?" என்று. "இல்லை அப்பா" என்பேன். போன வருடம் கேட்டபோது விதை வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். சாதாழையில் தொடங்கி ஆஸ்பத்திரி வரை. அவர் கை நின்றது.

"அப்ப அவள் எனக்கு ஒண்டும் சொல்லாமலே போட்டாள்."

"ஓம் அப்பா."

"ஏற்கேலாது எண்டு எழுதினது நீயோ?"

"ஓம்."

அவர் மடியில் கிடந்த சருகைத் தட்டிவிட்டார். "நான் தெரியாமல் செய்தனான் பிள்ளை" என்றார். அன்று முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் நான் புறப்படும்போது படலைக்கு வந்து, "நான் செய்ததை நான் செய்தது எண்டே எழுது. அந்தப் பிள்ளையிலை போடாதை" என்றார்.

அப்படியே எழுதினேன். நிலத்தின் சொந்தக்காரர் இரக்கப்பட்டு ஒப்பீட்டுப் பாத்திகளுக்கும் சாதாழை இட்டார் என்று. முந்திய மதிப்பாய்வை எழுதியது யார் என்பதையும் ஆசிரியருக்கான கடிதத்தில் மறுபடி எழுதினேன். உன் அண்ணையிடம் சம்மதம் மட்டும் வாங்கி அனுப்பினேன். கட்டுரையில் என் பெயர் இல்லை. உன் பெயரும் பேராசிரியரின் பெயரும்தான். ஒரு போகத்துக் கட்டுரை என்று தெரிந்தே, குறைகளைச் சொல்லி, ஒரு சிறு குறிப்பாக ஏற்றுக்கொண்டார்கள். போன மாதம் வெளிவந்தது. அச்செடுத்து உங்கள் வீட்டுக்குக் கொண்டு போனேன். உன் அண்ணை கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். உன் பெயருக்கு மேலே இருந்த சிறிய குறியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். எழுதியவர் இப்போது இல்லை என்பதைக் காட்டும் குறி என்றேன். அதை விரலால் தடவினார்.

"நீங்கள் இல்லாட்டில் இது வந்திராது. தங்கச்சி உங்களைப் பற்றித்தான் எந்தநேரமும் கதைப்பாள்."

அவரிடம் சொல்லத்தான் போனேன். சொல்லவில்லை. உன் அம்மா உள்ளே இருந்து, "பிள்ளை, இருந்து சாப்பிட்டிட்டுப் போ" என்றார். இருந்து சாப்பிட்டேன். மறுபடி போக வேண்டும்.

உன் வசனங்கள் எத்தனையை வெட்டியிருக்கிறேன். எல்லாம் உனக்கு முன்னால் இருந்து, உன்னைக் கேட்டுத்தான். உன்னைக் கேட்காமல் வெட்டியது இது ஒன்று. அதை எறிந்துவிடவில்லை. "தவறு என்னுடையது" என்ற அந்த வசனத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன். நீ எழுதினாலும் அது நான் எழுதியிருக்க வேண்டிய வசனம்.